நேர்முகத்தில் என் பயத்தை மறைத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. கொழும்பில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவர் தனியார் நிறுவனமொன்றில் கணக்காளர். 7 வயதில் ஒரு மகள். கொட்டாஞ்சேனையில் என் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். கம்போடியாவில் ஏழை மாணவர்களுக்கான விடுதியொன்றை நடத்தும் ஊழியத்துக்கு 4 வருடம் குடும்பமாகப் போக வேண்டும் என்ற அழைப்பு என் கணவருக்கு இருக்கிறது. சபையும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. அவர் கேட்டபோது நானும் "சரி" என்றேன். ஆனால் இப்போது இரவில் நித்திரை வருவதில்லை. அம்மாவுக்கு நீரிழிவு, ஒரே தம்பி கனடாவில். கணவர் வன்னியில் பிறந்து வளர்ந்தவர். 2009இல் என்ன நடந்தது என்று இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சபையில் மூத்த அக்கா ஒருவரிடம் மனம் விட்டுச் சொன்னேன். "லோத்தின் மனைவி மாதிரித் திரும்பிப் பார்க்காதே" என்றார். அடுத்த மாதம் அனுப்பும் அமைப்பின் நேர்முகம் இருக்கிறது. என் பயத்தை அங்கே காட்டாமல் போய்விட்டால், போன பிறகு எல்லாம் சரியாகிவிடுமா? நான் விசுவாசக் குறைவுள்ளவளா?

கொட்டாஞ்சேனை வாசகி

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

மறைக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறைத்துவிட்டுப் போனவள் நான்.

குடும்ப ஆலோசகராக வருவதற்குப் பல வருடங்களுக்கு முன், என் கணவரும் நானும் ஆபிரிக்காவில் ஒரு சிறு நகரத்துக்கு 3 வருட ஊழியம் என்று புறப்பட்டோம். நேர்முகத்தில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவைத்து, "உங்களுக்கு ஏதாவது தயக்கம் உண்டா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தபடி இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். போகும்போது அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூளை ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் அடைத்துக் கொடுத்துவிட்டார். அதை நான் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கணக்குப் பார்த்துப் பாவித்தேன். ஏழாம் மாதம் ஒருநாள் நான் காய்ச்சலில் படுத்திருக்கும்போது வீட்டுக்கு எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். என் கணவர் அவர்களுக்கு நல்ல உறைப்பாக ஒரு கோழிக்கறி வைத்துக் கொடுத்தார். போத்தலின் அடி வரைக்கும் சுரண்டி எடுத்திருந்தார். "பரவாயில்லை" என்று சொன்னேன். பிறகு 11 நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. ஏன் என்று அவருக்கு விளங்கவேயில்லை, எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை. 14ஆம் மாதம் திரும்பி வந்துவிட்டோம். சபைக்கு என் உடல்நலத்தைக் காரணம் சொன்னோம்.

போன பிறகு எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். ஆகாது மகள். இங்கே உங்களுக்குத் தெரியாமலே உங்களைத் தாங்கிக்கொண்டிருக்கிற எத்தனையோ விஷயங்கள் இருக்கின்றன. அம்மாவின் சமையலறை, பாடசாலை ஓய்வறையில் சக ஆசிரியைகளோடு குடிக்கும் தேத்தண்ணி, சொன்னவுடன் விளங்கிக்கொள்கிற மொழி. அங்கே இறங்கிய முதல்நாளே இவை எல்லாம் ஒன்றாகப் போய்விடும். மிஞ்சுவது நீங்கள் இருவரும், உங்களுக்குள் கதைக்காமல் விட்ட விஷயங்களும்தான்.

லோத்தின் மனைவி பற்றி. அந்த அக்கா நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் வசனம் பொருந்தவில்லை. லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்தது கர்த்தர் அழித்துக்கொண்டிருந்த சோதோமை. கொட்டாஞ்சேனையில் இன்சுலின் ஊசியோடு இருக்கிற உங்கள் அம்மா சோதோம் அல்ல. உங்கள் நிலைமைக்கு வேதத்தில் கிட்ட வருகிற இடம் மாற்கு 7ஆம் அதிகாரம். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். ஊழியத்தின் பெயரால்கூட அந்தக் கடமை கழிந்துபோகாது என்பதே அதன் பொருள். அதற்காக நீங்கள் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒரு வழி பண்ணுவதும் உங்கள் ஊழியத்தின் ஒரு பகுதிதான், அதற்குத் தடை அல்ல.

இனி அந்த "சரி"க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் "என் கணவருக்கு அழைப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன என்று ஒரு வரிகூட இல்லை. எங்கள் நாட்டு மிஷன் வரலாற்றிலேயே இது பழைய வருத்தம். 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கிய அமெரிக்க மிஷனின் பதிவேடுகளில் கணவரைத்தான் மிஷனரி என்று எழுதுவார்கள், மனைவி "உதவி மிஷனரி". ஆனால் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது அந்த மனைவிமாரில் ஒருவரான ஹரியட் வின்ஸ்லோ. பெண்பிள்ளையை எழுத்து வாசிக்க வைப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. அவர் 1833இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார், பாடசாலை இன்றைக்கும் நடக்கிறது. யாருக்கோ துணையாக வந்தவர் என்று மட்டும் அவரை என்னால் நினைக்க முடியவில்லை. புதிய ஏற்பாட்டில் கணவன் மனைவியான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் வருகிற இடங்களைப் பாருங்கள். ஓர் இடத்திலாவது ஒருவர் பெயரை மட்டும் தனியாகச் சொல்லவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இதை எழுதிப் பாருங்கள். அம்மாவுக்கு நம்பிக்கையான ஏற்பாடு ஒன்று ஆகிவிட்டது, கணவரும் மனம் திறந்து கதைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்களுக்குப் போக விருப்பமா? ஆம் என்று வந்தால், உங்களிடம் இருப்பது பயம். பயத்தோடு போகலாம், அதைத் தீர்க்க வேலை செய்யலாம், காலம் எடுக்கலாம். இல்லை என்று வந்தால் அது வேறு பதில், அதையும் உங்கள் கணவர் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டில் எது வந்தாலும் அதற்குப் பெயர் விசுவாசக் குறைவு அல்ல. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுதான்.

நேர்முகத்தில் உங்களைத் தனியாகவும் சந்திக்கும்படி நீங்களே கேளுங்கள். நல்ல அமைப்புகள் கேட்காமலே அப்படிச் செய்யும். கணவனை ஒரு நாள், மனைவியை ஒரு நாள், பிறகு இருவரையும் சேர்த்து. உளவியல் மதிப்பீடும் ஒன்று இருக்கும், அதை நினைத்துப் பதற வேண்டாம், பாஸ் ஃபெயில் பார்க்கும் பரீட்சை அல்ல அது. பயத்தைச் சொன்னதற்காகவே ஓர் அமைப்பு உங்களைத் தள்ளிவிட்டால், நாளைக்கு அங்கே மகளுக்கு டெங்கு வந்து நீங்கள் அழுதுகொண்டு தொலைபேசி எடுக்கும்போது அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று இப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது உங்கள் கணவர். கடிதத்தில் இரண்டே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள், நான் அங்கேதான் நின்றுவிட்டேன். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் 15 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் செத்துப்போனார்கள். இன்றைக்கு அங்கே 55, 60 வயதில் இருக்கிற எவரும் அந்தக் காலத்தைப் பிள்ளையாகக் கண்டவர். நிலத்துக்குள் கண்ணிவெடி, காலில்லாத மனிதர்கள், காணாமல்போன தகப்பன்மார். வன்னியில் வளர்ந்த ஒருவருக்கு இவை புதிய காட்சிகள் அல்ல. இது அவருக்கு ஒரு வரமாக அமையலாம். அந்த மக்களின் மௌனம் வெளியிலிருந்து வருகிற வேறு யாருக்கும் விளங்காத அளவுக்கு அவருக்கு விளங்கும். ஆனால் விடுதிப் பிள்ளை ஒன்றின் தாத்தா தன் கதையைச் சொல்லத் தொடங்கும் அந்த நாளில், தனக்குள் பூட்டிவைத்தது தானாகத் திறந்துகொண்டால் அவர் என்ன செய்வார்? பக்கத்தில் தமிழ் தெரிந்த ஓர் ஆள் இருக்கமாட்டார். என்னிடம் வந்த சில ஆண்கள் இதே நிலையில் இருந்தார்கள். ஊழியத்தில் இரவு பகலாக ஓடுவார்கள், நின்றால் நினைவு வந்துவிடும் என்று.

அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். "என்னிடம் சொல்ல உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால் பரவாயில்லை, ஆனால் புறப்படுவதற்கு முன் தமிழில் கதைக்கக்கூடிய ஓர் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ சில தரம் சந்தியுங்கள், நான் கூட வருகிறேன்" என்று கேளுங்கள். கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு. உடனே யாரோடாவது கதைக்க வேண்டும்போல இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. இதற்கு மாதங்கள் எடுக்கலாம். எடுக்கட்டும். விடுதி அங்கேயேதான் இருக்கும்.

அம்மாவின் விஷயத்தை "ஆண்டவர் பார்த்துக்கொள்வார், சபை பார்த்துக்கொள்ளும்" என்று விடாமல் பெயர் போட்டு எழுதுங்கள். மாதாந்தக் கிளினிக்குக்கு விடியவே நம்பர் எடுத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது யார்? மருந்து முடிந்தால் யாருக்குச் சொல்வது? இரவில் சீனி இறங்கிவிட்டால் கதவைத் தட்டக்கூடிய அயலவர் யார்? கனடாத் தம்பி மாதாமாதம் எவ்வளவு அனுப்புவார்? அவசரமென்றால் நீங்கள் திரும்பி வர விமானச் சீட்டுக்கான காசு எங்கே இருக்கிறது? இதையெல்லாம் அம்மாவை வைத்துக்கொண்டு கதைத்தீர்களா? அம்மாமார் பிள்ளைகளுக்கு முன் "எனக்கொன்றுமில்லை, நீங்கள் போங்கோ" என்றுதான் சொல்வார்கள், உங்களுடைய "சரி" மாதிரியே. ஒரு தரம் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். புறப்படுவதற்கு முந்திய மூன்று மாதம் அந்த ஏற்பாட்டை நடத்திப் பாருங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டு கையைக் கட்டிக்கொண்டிருந்தால், எது ஓடுகிறது எது இடறுகிறது என்று தெரியும்.

சபை சந்தோஷப்பட்டது என்கிறீர்கள். 1990களின் நடுப்பகுதியில் 14 நாடுகளில் மிஷனரிமார் ஏன் இடையில் திரும்புகிறார்கள் என்று ஆராய்ந்தபோது, எங்களைப் போல் புதிதாக மிஷனரிகளை அனுப்பும் நாடுகளில் முதற்காரணமாக வந்தது, தாய்நாட்டிலிருந்து ஆதரவு போதாமல் போனது. வழியனுப்பும் ஆராதனையில் கை வைத்து ஜெபிக்காத சபை இல்லை. இரண்டாம் வருடம் மாதத்தில் ஒரு தரம் அழைத்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்க யார் பொறுப்பு என்று இப்போதே கேளுங்கள். நீங்களும் அவரும் வேறு வேறு ஆட்களை வைத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு ஒரு பெண், போதகரிடம் கொண்டுபோகாமல் உங்கள் கோபத்தைக் கேட்டுக்கொள்ளக்கூடிய ஒருவர்.

காசு விஷயத்தில் ஒன்றே ஒன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் சொச்சம், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த இரண்டு மாதத்தில் சபைகள் ரூபாயில் வாக்களித்திருந்த தாங்குதல் அங்கே போய்ச் சேரும்போது கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. கம்போடியாவில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் பெரும்பாலும் டொலரில்தான். வாக்குறுதி ரூபாயிலா டொலரிலா, ரூபாய் விழுந்தால் யார் ஈடுசெய்வது என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கணவர் கணக்காளர், அவருக்கு இது தெரியும். ஆனால் ஊழியம் என்றவுடன் கணக்குக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வேலையை விட்டால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்திலிருந்து போகும் 8 வீதமும் நிறுவனம் போடும் 12 வீதமும் அன்றோடு நின்றுவிடும், அதற்குப் பதிலாக முதுமைக்கு என்ன சேமிப்பு என்பதையும் அமைப்பிடம் கேட்கத்தான் வேண்டும். நீங்கள் இராஜினாமாக் கடிதம் கொடுக்கவே வேண்டாம். முதலில் அதிபர் மூலமும் வலயக் கல்வி அலுவலகம் மூலமும் சம்பளமற்ற விடுமுறைக்கு வழியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஓய்வூதியம் உள்ள வேலை, அவசரத்தில் விடுகிற பொருள் அல்ல. வீடு, வங்கி, காணி அலுவல்களுக்கு நம்பகமான ஒருவருக்கு அற்றோனித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரம், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தமிழில் உள்ள பிறப்பு, விவாகச் சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இப்போதே மொழிபெயர்ப்பு எடுத்து வையுங்கள். விசாவையும் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். செய்யப்போகிற வேலைக்கு உரிய விசாவிலும் அனுமதியிலும் மட்டும் போங்கள். பௌத்தம் அரச சமயமாக இருக்கும் நாடு அது, வேறு மதத்தவர் நடந்துகொள்ளும் முறைக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. இலங்கையில் வளர்ந்த உங்களுக்கு அந்தச் சூழலின் மென்மையான இடங்களை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

மருந்து விஷயம் சுருக்கமாக. இலங்கை 2016இல் மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது, அதனால் மகளின் வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கே அந்த நோயின் நினைவு மங்கிவிட்டது. கம்போடியாவின் காட்டுப்புற மாகாணங்களில் அது பல காலம் பெரிய தொல்லையாக இருந்த நோய். நாரஹேன்பிட்டவில் உள்ள மலேரியா ஒழிப்பு இயக்கத் தலைமையகத்துக்குப் போய், இருக்கப்போகும் மாகாணத்தின் பெயரைச் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை தேவை என்றால் இலவசமாகவே தருவார்கள்.

மொழிக்கு மட்டும் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பெண்கள் தனிமையாகிப்போவது இங்கேதான். முதல் வருடம் கணவர் கெமர் வகுப்புக்குப் போவார், மனைவி பிள்ளையோடு வீட்டில் இருப்பார். வருட முடிவில் அவர் சந்தையில் பேரம் பேசுவார், இவர் கைகாட்டிக்கொண்டு நிற்பார். உங்கள் வீட்டில் அப்படி நடக்க விடாதீர்கள். அமைப்பின் திட்டத்தில் உங்கள் வகுப்பு நேரமும், அந்த நேரத்தில் மகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடும் இருக்க வேண்டும். கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்திலிருந்து வந்தது. தாய்லாந்து, வியட்நாம் மொழிகள் போல ராகத்தால் பொருள் மாறுகிற மொழியும் அல்ல. எழுத்துக் கூட்டிப் படிப்பிக்கிற தமிழ் ஆசிரியைக்கு இதில் கணவரைவிட ஓரடி முன்னால் நிற்க எல்லா வாய்ப்பும் உண்டு. அங்கேயும் கைகூப்பித்தான் வணக்கம் சொல்வார்கள், அதையும் புதிதாகப் பழகத் தேவையில்லை.

மகளுக்கும் இது அவளுடைய பயணம்தான். 7 வயதுப் பிள்ளையிடம் முடிவைக் கேட்கக் கூடாது, அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்க முடியாது. ஆனால் முடிவானதும் கடைசி ஆளாக அவளுக்குச் சொல்லக் கூடாது. அம்மம்மாவை விட்டுப் போவது அவளுக்கு முதல் பெரிய இழப்பு. அழட்டும், "இயேசுவுக்காகத்தானே போகிறோம், அழக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கே எந்த மொழிப் பள்ளி, நான்கு வருடம் கழித்து 11 வயதில் திரும்பி வந்தால் இங்கே எந்த வகுப்பில் எந்த மொழிமூலத்தில் சேர்வாள் என்று இப்போதே விசாரியுங்கள். நாளுக்கு அரை மணிநேரம் நீங்களே அவளுக்குத் தமிழ் வாசிக்கப் படிப்பியுங்கள். அம்மம்மாவுக்கு அவள் எழுதும் கடிதம் தமிழில் வர வேண்டும் அல்லவா.

எங்களவர் வெளியே போய் ஊழியம் செய்ய முடியாதவர்கள் என்ற எண்ணத்தில் நான் இதையெல்லாம் எழுதவில்லை. 1902இல் திருநெல்வேலியிலிருந்து வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் வந்தபோது, இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசிலேயே கடல் கடந்து ஊழியரை அனுப்புவதைக் கண்டு ஆச்சரியப்பட்டார். திரும்பிப் போய் அடுத்த வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தார். உங்கள் குடும்பம் போனால் அந்த வழியில்தான் போகிறது. ஆயத்தமாகப் போகட்டும் என்பதே என் ஆசை.

ஒருவேளை போய்விட்டுத் திரும்ப வேண்டி வந்தாலும் உலகம் முடிந்துவிடாது. மாற்கு இடைவழியில் திரும்பியவர். அவரால் பவுலும் பர்னபாவும் சண்டைபோட்டுப் பிரிந்தார்கள். அதே பவுல் கடைசிக் காலத்தில் மாற்குவைத் தன்னிடம் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி எழுதினார். நாங்கள் திரும்பி வந்த பிறகு இதை யாராவது எனக்கு வாசித்துக் காட்டியிருந்தால், இரண்டு வருடம் நான் கோயிலில் பின் வாங்கில் இருந்து எழும்பி முதல் ஆளாக வெளியே போயிருக்க மாட்டேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று. சனிக்கிழமை பின்னேரம் மகளை அம்மாவோடு விட்டுவிட்டு நீங்கள் இருவரும் மட்டும் காலிமுகத்திடலுக்குப் போங்கள். இந்தப் பதிலை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதும் நல்லது, கேள்வி உங்களுடையது என்று சொல்லிக் கொடுங்கள். "நான் சரி என்று சொன்னது உங்களை நோகடிக்கக் கூடாது என்பதற்காக" என்று தொடங்குங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், நடந்துகொண்டே இருங்கள். நேர்முகத்தைப் பின்போட வேண்டும் என்று இருவருக்கும் பட்டால், அமைப்புக்கு ஒரு கிழமைக்கு முன்பே கடிதம் எழுதுங்கள், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு.